அது எங்கயும் ஓடிருக்கா

நாலுகுளத்துல பொம்பளப் பிள்ளைக்கு இருபத்தொண்ணு முடிஞ்சா, அது நிக்கிற எடம் தண்ணியாயிரும். பேச்சிக்கும் அப்படித்தான் ஆச்சு. பொறந்தநாளுக்கு மறுநாள் காலையில அவ வாசல்ல நின்னு பல்லு விளக்கிக்கிட்டு இருந்தா. பால்காரர் வந்தாரு, அவளப் பாத்தாரு, கேனைக் கீழ வச்சிட்டு வேட்டிய முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள வந்தாரு. அதுலயே விஷயம் தெரிஞ்சுபோச்சு.

அந்தத் தண்ணி கண்ணுக்குத் தெரியாது. தொட்டா நனையாது. துணி தொவைக்கவும் ஆகாது. ஆனா ஊருக்கே தெரியும். பேச்சி பஸ்ல ஏறுனா பக்கத்து சீட்டுக்காரங்க காலத் தூக்கி மேல வச்சுக்குவாங்க. அவ வேல பாக்குற ரீசார்ஜ் கடையில ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க. ரோட்டுல நின்னுக்கிட்டே, அக்கரைக்குச் சத்தம் குடுக்குற மாதிரி நம்பரச் சொல்லுவாங்க. அதனால அந்த ஊர்ல எல்லாரு நம்பரும் எல்லாருக்கும் மனப்பாடம்.

வயசு கூடக் கூட ஆழம் கூடும். இருபத்தொண்ணுல கரண்டைக்கால். இருபத்தஞ்சுல முழங்கால். இருபத்தெட்டுல இடுப்பு. முப்பதாச்சுன்னா கால் நெலைக்காது. அதுக்கப்புறம் போட்டு, அதான் படகு, பத்தாது, கப்பல்தான் வரணும்னு பேசுவாங்க. கப்பல்ல வர்ற மாப்பிள்ளையெல்லாம் ஏற்கெனவே ஒருத்திய எங்கயோ எறக்கி விட்டுட்டு வர்ற ஆளாத்தான் இருப்பான்.

ஆம்பளப் பிள்ளைங்க கரையிலயே பொறந்துருவாங்க. அதுக்காக அவங்க ஒண்ணும் மெனக்கெட வேண்டாம். டீக்கடை பெஞ்சுலயே உக்காந்து தலை நரைச்சாலும் கரை கரைதான்.

தண்ணியில நிக்கிற பிள்ளையக் கொண்டுபோயி ஒருத்தன் வீட்டுல விடுறதுக்குப் பேரு கரையேத்துறது. மத்த ஊர்ல இத ஒரு பேச்சுக்குச் சொல்லுவாங்களாம். நாலுகுளத்துல பேச்சுக்குச் சொல்றதுன்னு ஒண்ணு கிடையாது. சொன்னா செய்யணும். அதனால கல்யாணம்னா போட்டு வேணும். மண்டபத்து வாசல்ல போட்டு நிக்கும், அதுக்குள்ள பொண்ணு குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கும். மாப்பிள்ள படியில நின்னு கயித்தப் பிடிச்சு இழுப்பான். பொண்ணு எறங்கும். தண்ணி அந்தானைக்கு, அந்த நிமிஷமே, வத்தீரும். அதுல கொஞ்சம் பொண்ணு கண்ணுல வரும். மிச்சம் எங்க போகுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டது இல்ல.

ஊர் பேருதான் நாலுகுளம். ஒரு குளத்துல பஸ் ஸ்டாண்டு கட்டியாச்சு. ஒண்ணுல தாலுகா ஆபீஸ். ஒண்ணுல கல்யாண மண்டபம். நாலாவது குளம் எங்கன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுலயும் ஏதாவது கட்டியிருப்பாங்க.

பேச்சிக்கு இப்ப இருபத்தொம்போது. ஆனி வந்தா முப்பது. தண்ணி நெஞ்சு வரைக்கும் ஏறிருச்சு. அவளுக்கு அதுல பெரிசா வருத்தம் இல்ல. புத்தி சொல்ல வர்றவங்களெல்லாம் நனைஞ்சிருவோம்னு தூரத்துலயே நின்னுர்றாங்க, பாதி புத்தி காத்துல போயிருது. வருத்தம் அவங்க அப்பா வெள்ளைத்துரைக்குத்தான்.

வெள்ளைத்துரை பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. வேல போனாலும் வாய் போகல. வீட்டுக்கு விருந்தாளி வந்தா "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் இருக்குல்ல"ம்பாரு. மண்டபத்துலயே வாடகைப் போட்டு ஒண்ணு உண்டு. பந்தி, மேளம், போட்டு மூணும் சேத்துத்தான் பேசுவாங்க. இவரு ஒத்துக்கல.

"ஊர்ல எல்லாப் பொண்ணும் அழுத பலகையில எம் பொண்ணு உக்காரணுமாக்கும்?"னு கேட்டுட்டு, கடக்கரைக்குப் போயி பழைய ஃபைபர் போட்டு ஒண்ண, எஞ்சினோட, லாரியில ஏத்திக்கிட்டு வந்துட்டாரு. போட்டுக்கு வயசு நாப்பது. ஒரு மில் மொதலாளி ஆசப்பட்டு வாங்கினது. ரெண்டு தடவ கடல்ல ஓடிச்சு, ரெண்டு தடவயும் மொதலாளிக்கு வாந்தி. அதோட கொண்டாந்து வேப்பமரத்தடியில போட்டவரு மறந்துட்டாரு.

போட்டு வாசல் வழியா நுழையல. முன்பக்கச் செவர இடிச்சாங்க, போட்ட உள்ள தள்ளினாங்க, செவரத் திருப்பிக் கட்டிட்டாங்க. ரெண்டு கட்டிலையும் நடுவுல ஆள் படுக்க எடம் விட்டுப் போட்டு அதுமேல போட்ட ஏத்தினாங்க. அன்னையில இருந்து போட்டு கட்டில்ல, குடும்பம் தரையில. பேச்சியோட அம்மா செண்பகவல்லி மொத நாள் ஒண்ணும் சொல்லல. ரெண்டாம் நாள் போட்டுக்குள்ள வடகம் காயப் போட்டுட்டா.

போட்டோட கோலத்தப் பாக்கணும். அடிப்பக்கம் பூரா பித்தவெடிப்பு. வயித்துல கொப்புளம் கொப்புளமா ஊதியிருந்துச்சு. எஞ்சின் மாட்டுற பின்பலகை டீயில முக்குன ரஸ்க்கு மாதிரி கைவச்ச எடமெல்லாம் பிட்டுக்கிட்டு வந்துச்சு. ஆயுசுல குளத்தக் கூடப் பாக்காத ஊரு, ஆளாளுக்கு வந்து வைத்தியம் சொன்னாங்க. ஒருத்தரு தார் பூசச் சொன்னாரு. ஒருத்தரு போட்டுக்குத் தண்ணி காட்டவே கூடாது, காட்டினா ஊறிப்போகும்னாரு.

வெள்ளைத்துரை யாரு சொன்னதையும் கேக்கல. ஃபைபர ஒட்டுற ரெசின் பசை வாங்கிட்டு வந்தாரு. அது கெட்டியாகுறதுக்கு ஒரு மருந்து உண்டு, அதுல ரெண்டு மூடிதான் ஊத்தணும்னு கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். பொண்ணுக்கு வயசு ஏறிக்கிட்டு இருக்கே, சீக்கிரம் எறுகட்டும்னு இவரு அரை பாட்டிலக் கவுத்துட்டாரு. வாளி பொகஞ்சுது. அதுக்குள்ள கெடந்த சாம்பார்க் கரண்டியோட சேந்து கல்லாயிருச்சு. செண்பகவல்லி அந்த வாளிய ஒரு பார்வ பாத்தா. அப்புறம் கொண்டுபோயி அடுக்களைக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டா. இப்பவும் அங்கதான் இருக்கு. கரண்டி கையத் தூக்கிக்கிட்டு நிக்கும், போறவரு வாறவரெல்லாம் அதுல துண்டு மாட்டுறாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் பேச்சி தாவணிய இழுத்துச் சொருகிக்கிட்டு வந்தா.

"அடிப்பக்கம் தண்ணிப்பக்கம்ப்பா. தண்ணி என்னோடது. அந்த வேலய நான் பாக்கேன். நீங்க மேல உக்காந்து வடகத்துக்குக் காக்கா ஓட்டுங்க."

அப்படித்தான் வேல அவ கைக்கு வந்துச்சு. கொப்புளத்த ஒவ்வொண்ணாக் குத்தி வடிச்சா. மக்குன பலகைய நோண்டி எடுத்துட்டுப் புதுப் பலகை வச்சா. ஃபைபர் துணிய ஜாக்கெட்டுக்கு அளவு வெட்டுற மாதிரி வெட்டி, சின்னச் சின்னக் கிண்ணமா ரெசின் கலந்து, கொமிழி நிக்காமத் தேச்சு ஒட்டினா. காஞ்சதும் பட்டி வச்சா, உப்புத்தாள் போட்டா, மறுபடியும் பட்டி, மறுபடியும் உப்புத்தாள். அந்தத் தூள் இருக்கே, பட்ட எடமெல்லாம் அரிக்கும். வீடே அரிச்சுது. சோத்த ஒரு கையால தின்னுட்டு மறு கையால சொறிஞ்சாங்க. செண்பகவல்லி சாமி கும்பிடும்போது கூட ஒத்தக் கையாலதான் கும்பிட்டா.

"அவளுக்கு இன்னும் ஒரு கை உப்புத்தாள் போடணும்ப்பா."

"அவளா? போட்டு அதுட்டி."

"நாப்பது வருஷம் வெயில்ல கெடந்து எந்திரிச்சு வந்திருக்கா. அதுன்னு சொல்ல எப்படி வாய் வருது ஒங்களுக்கு?"

"ஒன்னையே நாலு பேருகிட்ட அதுன்னுதான் சொல்லுதேன். அது கடைக்குப் போயிருக்கு, அது தூங்குதுன்னு."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

வெள்ளைத்துரை முதுகச் சொறிஞ்சுக்கிட்டாரு.

எஞ்சினும் பழசு. பேச்சி அதப் பிரிச்சுக் கழுவி, பின்கட்டுல இருந்த தண்ணி டிரம்முல தொங்க விட்டா. அது தலையில ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்துல கயித்தச் சுத்தி, ஒரே இழுப்பா இழுக்கணும். எஞ்சின் பிடிச்சுதுன்னா கயிறு கழண்டு இழுத்தவன் கையோட வந்துரும். வாரக்கணக்கா இழுத்தா. ஒரு நாள் பிடிச்சுது. டிரம்மு குதிச்சுது, அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டி செவரேறிப் போயிருச்சு, பேச்சி கையில கயிறோட நின்னா.

அன்னைக்குத்தான் அவளுக்கு ஆச வந்துச்சு. எட்டு வருஷமாத் தண்ணிய வச்சுக்கிட்டுச் சும்மா நின்னிருக்கோம்னு தோணிச்சு. "யப்பா, கல்யாணமோ கருமாதியோ, இவ கைப்பிடியப் பிடிச்சு ஒரு தடவ நான் ஓட்டணும். எந்தண்ணியில, நானே. அது போதும் எனக்கு,"ன்னா.

"பொண்ணு நடுவுல உக்காரணும்ட்டி. எஞ்சினத் தொடக்கூடாது. அதான் மொற."

"மொற வச்சவன் உப்புத்தாள் போட்டானா?"

தரகர் கோமதிநாயகம் வெத்தலையையும் பொய்யையும் ஒரே கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிடத் தெரிஞ்ச மனுசன். அவரு ஒரு எடம் கொண்டாந்தாரு. மாப்பிள்ள சந்தனகுமார், போட்ட விட ரெண்டு வயசு மூத்தவன். அம்மா இசக்கியம்மா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு, அவன் வேட்டியையும் அவ சேலையையும் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஆழம் பாத்து ஆழம் பாத்துக் கால் வச்சு உள்ள வந்தாங்க. நாற்காலியில ஏறிச் சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டாங்க.

வெள்ளைத்துரையும் செண்பகவல்லியும் சொறிஞ்சுக்கிட்டே வணக்கம் சொன்னாங்க. இந்தக் குடும்பத்துல இதுதான் மரியாதைபோலன்னு இசக்கியம்மாவும் ரெண்டு சொறி சொறிஞ்சு வணக்கம் சொன்னா. சந்தனகுமார் அம்மாவப் பாத்து அவனும் சொறிஞ்சான்.

பேச்சி அப்ப போட்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கடைசிக் கை தேச்சுக்கிட்டு இருந்தா. வெளிய தெரிஞ்சது காலு ரெண்டும்தான்.

பொண்ணு பாக்க வந்தவங்க பொண்ண அவன்னு சொல்லமாட்டாங்க. அதுன்னுதான் கேப்பாங்க. அது என்ன படிச்சிருக்கு, அது என்ன சாப்பிடும். வெள்ளைத்துரைக்கு வீட்டுல ரெண்டு அது இருந்துச்சு. அவரு மனசு பூரா வெள்ளையடிச்சு நிக்கிற அதுமேலதான்.

"எம்புட்டு நாளா வீட்டோட இருக்கு அண்ணாச்சி?"ன்னு இசக்கியம்மா ஆரம்பிச்சா.

"ஆறு மாசமாத்தான் மதினி. அதுக்கு முன்ன கடக்கரைப் பக்கம், ஒரு மில் மொதலாளி வீட்டுல."

"பெரிய எடத்துல வளந்திருக்கு." இசக்கியம்மா மகனப் பாத்துத் தலையாட்டினா. "நெறமும் நல்ல நெறம்தான்."

"ஒளிக்காமச் சொல்லுதேன், பூசுனது. ரெண்டு கோட்டு. அடியில மஞ்சக் காமாலையா இருந்துச்சு."

"இப்ப எது பூசாம இருக்கு. ஒடம்புல கோளாறு ஏதும் உண்டா?"

"வயித்துல கொப்புளம் இருந்துச்சு. குத்தி வடிச்சு ஒட்டியாச்சு. பின்பக்கம் பூராவும் புதுசு."

"ஆஸ்பத்திரிச் செலவே இருக்காது போலுக்கே," கோமதிநாயகம் நடுவுல வெத்தலையத் துப்பப் போனவரு முழுங்கிட்டுச் சொன்னாரு.

"குணம் எப்படி? சத்தம் காட்டுமோ?"

"எஞ்சினத் தொட்டாத்தான் சத்தம் மதினி. தொடலன்னா இருக்குற எடம் தெரியாது."

இசக்கியம்மா நாற்காலியில முன்னால நகந்து உக்காந்தா. கொரலத் தாழ்த்திக்கிட்டா.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்கக்கூடாது. எங்கயும் ஓடிருக்கா?"

"ரெண்டே தடவ," வெள்ளைத்துரை பெருமையாச் சொன்னாரு. "அதுவும் பக்கத்துலதான். அந்தி சாயிறதுக்குள்ள கட்டி இழுத்துக் கொண்டாந்துட்டாங்க."

கொஞ்ச நேரம் எல்லாரும் சொறிஞ்சாங்க.

"மறைக்காமச் சொன்னீங்க பாருங்க," இசக்கியம்மா சொன்னா. "அதுக்காகவே நாங்க கட்டிக்கிடுதோம். எங்களுக்கு அதப் பிடிச்சுப்போச்சு."

தட்டு மாத்திட்டாங்க. நாலுகுளத்துல தட்டு மாத்திட்டா மாத்தினதுதான், திருப்பி மாத்த வேற தட்டு கிடையாது. இசக்கியம்மா பூச்சரத்தக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. அந்த நேரம் பாத்துப் பேச்சி அடியில இருந்து வெளிய வந்தா. தலையில இருந்து காலு வரைக்கும் வெள்ளத் தூள். இந்தப் பக்கம் வெள்ளையா ஒண்ணு, அந்தப் பக்கம் வெள்ளையா ஒண்ணு. இசக்கியம்மா பூவோட நடுவுல நின்னுட்டா.

"கோமதிநாயகம், இதுல எது அது?"

தரகருக்கு வாய் நெறைய வெத்தல. பேச்சிதான் பதில் சொன்னா.

"நீங்க அதுன்னுதான பேசி முடிச்சீங்க அத்த. நான் அவ. எங்கம்மாகிட்ட வேணும்னா கேட்டுக்கிடுங்க."

செண்பகவல்லியக் கேட்டாங்க. "ஆமா, இவள நான் அவன்னுதான் சொல்லுவேன்"னு அவ சொல்லிட்டா. நியாயம்தான்னு எல்லாருக்கும் பட்டுச்சு. இசக்கியம்மா போட்டோட மூக்குல குங்குமம் வச்சா, பூவச் சுத்திவிட்டா. சந்தனகுமார் போட்ட ஓரக்கண்ணால பாத்துட்டு வெக்கப்பட்டுக் குனிஞ்சுக்கிட்டான். தரகு எதுக்கானாலும் ஒண்ணுதானன்னு கோமதிநாயகம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு.

தப்பிச்சோம்னு பேச்சி மூச்சு விட்டா. அந்த மூச்சு முடியிறதுக்குள்ள இசக்கியம்மா வாசல்ல நின்னு திரும்பினா.

"ஒண்ணு மட்டும் அண்ணாச்சி. எஞ்சினக் கழத்திட்டு அனுப்புங்க. வீட்டுக்கு வர்ற பொண்ணுக்கு எஞ்சின் எதுக்கு? எங்க வீட்டுல மாடிப்படிக்குக் கீழ எடம் இருக்கு. கவுத்து வச்சிட்டா மேல மடிச்ச துணி அடுக்கிக்கிடலாம்."

பேச்சிக்கு அப்பத்தான் ஒறச்சுது. தன் வாயாலயே தன் போட்டக் கட்டிக் குடுத்துட்டா.

மறுநாள்ல இருந்து கல்யாண வேல நடந்துச்சு. போட்டு பொண்ணாயிருச்சுன்னா, பொண்ணக் கரையேத்துறதுக்குப் போட்டு யாரு? வெள்ளைத்துரை ரெண்டு நாள் யோசிச்சாரு. வீட்டுல மிச்சம் இருந்தது பேச்சி ஒருத்திதான். "நீதான்ட்டி போட்டு. பின்னால நின்னு பொண்ணத் தாங்கிக் கொண்டுபோயி விடணும். ஒனக்கு உப்புத்தாள் ஏதும் போடணுமா?"

"வேண்டாம்ப்பா. அப்பப்ப நீங்க பேசுறதே போதும்."

செண்பகவல்லி போட்டுக்குள்ள உக்காந்து அழுதா. ஆறு மாசம் வடகம் காயப் போட்டு வளத்த பிள்ள, போற எடத்துல யாரு பாத்துக்கிடுவான்னு அழுதா. வெள்ளைத்துரை ஸ்பானரும் கையுமா, பின்பலகையில மாட்டியிருந்த எஞ்சின் பக்கத்துல போயி நின்னாரு. பேச்சி குறுக்க வந்தா.

"எஞ்சினக் கழத்திட்டா அவ போட்டு இல்லப்பா. தொட்டி."

"தட்டு மாத்தியாச்சுல்ல."

"மாத்துனது தட்டு, எஞ்சின் இல்ல. ஆயுசு பூரா விசில் ஊதுனீங்க. ஒங்க வண்டி ஒண்ணையாவது கவுத்துப் போட்டுத் துணி அடுக்க விட்டிருப்பீங்களா?"

வெள்ளைத்துரை நட்ட ஒரு சுத்து கழத்தினாரு. நின்னாரு. அந்தச் சுத்தத் திருப்பி முடுக்கினாரு. அப்புறம் உள்ள போயி செண்பகவல்லியோட பச்சப் பட்டுச் சேலைய எடுத்துட்டு வந்து மக கையில குடுத்தாரு.

"பொண்ணுக்குத் துணையா தோழி ஒருத்தி போகணும்லா. அது மொறதான?"

பேச்சி எஞ்சினுக்குச் சேல கட்டிவிட்டா. கொசுவம் அழகா விழுந்துச்சு. தலையில, அந்தச் சக்கரத்த மறைச்சு, மல்லியப்பூ வச்சா.

கல்யாணத்தன்னைக்குப் போட்ட டிராக்டர்ல ஏத்தி மண்டபத்து வாசல்ல எறக்கினாங்க. வெளிய எடுக்க மறுபடியும் செவர இடிச்சாச்சு, இந்தத் தடவ திருப்பிக் கட்டல. பேச்சி நடந்து வந்து போட்டுக்குப் பின்னால நின்னா. அவ நின்னதும் வாசல் பூராவும் தண்ணியாயிருச்சு. ஆனிக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு, ஆழம் கழுத்து மட்டும். வேட்டிய அம்புட்டு ஒசரம் தூக்கினா நல்லாருக்காதுன்னு விருந்தாளிங்க தள்ளி நின்னுக்கிட்டாங்க.

இசக்கியம்மா போட்ட ஒரு சுத்து பாத்தா. பின்பக்கம் வந்து நின்னா.

"இது யாரு?"

"தோழி," பேச்சி சொன்னா.

"வாயத் தொறக்க மாட்டாளோ?"

"அவளா ஆரம்பிக்க மாட்டா அத்த. யாராவது இழுத்துவிடணும்."

"நல்ல பிள்ள,"ன்னு இசக்கியம்மா தோழி தலையத் தடவி விட்டுட்டுப் போனா.

மேளம் கொட்டுச்சு. சந்தனகுமார் படியில வந்து நின்னான். போட்டுல இருந்து கயிறு வரணும், அவன் இழுக்கணும், பொண்ணு கரையேறணும். பேச்சி கயித்தோட ஒரு நுனிய அவன் கையில குடுத்தா. மறு நுனி மல்லியப்பூவுக்கு அடியில போயிருந்துச்சு.

"மெதுவா இழுக்காதீங்க. ஒரே இழுப்பா இழுக்கணும். அதுதான் எங்க வீட்டு வழக்கம்."

சந்தனகுமார் ஆயுசுல எந்த வேலையையும் முழு மனசாச் செஞ்சவன் இல்ல. அன்னைக்குச் செஞ்சான். காலை ஊனிக்கிட்டு ஒரே இழுப்பா இழுத்தான். தோழி வாயத் தொறந்தா. டமடமன்னு சத்தம், மல்லியப்பூ பறந்து பந்தி வரைக்கும் போயி ஒருத்தர் பாயாசத்துல விழுந்துச்சு. கயிறு கழண்டு மாப்பிள்ள கையோட வந்துருச்சு. பேச்சி தாவி ஏறிக் கைப்பிடியப் பிடிச்சா. போட்டு மூக்கத் தூக்கிச்சு, தண்ணியில ஏறிச்சு, திரும்பிச்சு.

வெள்ளைத்துரை பொண்ணு வீட்டார் வரிசையில சந்தனக்கும்பாவோட நின்னுக்கிட்டு இருந்தாரு. சத்தம் கேட்டதும் அவரு கை தானாச் சட்டைப் பைக்குள்ள போச்சு. விசில எடுத்து ரெண்டு ஊது ஊதினாரு. ஓடிப்போயி, ஓடுற வண்டியில ஏறுற மாதிரியே ஏறி, ஓரத்துல தொத்திக்கிட்டாரு.

போட்டு மண்டபத்த ஒரு சுத்து சுத்திட்டு மார்க்கெட்டுப் பக்கமாப் போயிருச்சு.

"ஓடிருச்சு,"ன்னா இசக்கியம்மா.

"மூணாவது தடவ," கோமதிநாயகம் சொன்னாரு. "அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாருல்லா."

"சொன்னாரு. மறைக்கல. அவர ஒண்ணும் சொல்லக்கூடாது."

எலையில உக்காந்த பந்திய எழுப்ப முடியாதுன்னு சாப்பாடு நடந்துச்சு. செண்பகவல்லி ரெண்டாம் பந்தியில உக்காந்து நிதானமாச் சாப்பிட்டா.

சந்தனகுமார் மட்டும் படியிலயே நின்னான். அவனுக்கு அங்க ஒரு சிக்கல். தண்ணி பேச்சியோட போயிருச்சு. தண்ணி இல்லைன்னா கரை எது? அவன் கயித்தோட நின்ன படி இப்ப வெறும் படி. மண்டபத்த விட்டு எறங்கி டீக்கடைக்குப் போனான். அந்த பெஞ்சும் வெறும் பெஞ்சாயிருந்துச்சு. அதுல வருஷக்கணக்கா உக்காந்திருந்தவங்களெல்லாம் எந்திரிச்சு நின்னு, உக்காந்த எடத்தத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஆனி வந்துச்சு. பேச்சிக்கு முப்பது முடிஞ்சுது. கால் நெலைக்கல. போட்டுக்கு அது வசதியாப் போச்சு, எங்கயும் அடி தட்டல. ரீசார்ஜ் கடைக்குப் போட்டுலயே போயிட்டு வந்தா. வழியில தண்ணியில நின்ன பிள்ளைங்க கையக் காட்டினாங்க, ஏத்திக்கிட்டா. ஒருத்தி கரண்டைக்கால் தண்ணி, ஒருத்தி முழங்கால் தண்ணி, எல்லாரும் அவங்கவங்க தண்ணியோடதான் ஏறினாங்க. எல்லாம் ஒண்ணாச் சேந்துருச்சு. நாலாவது குளம் இதுதான்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. காலையில மார்க்கெட்டுப் பக்கம் இருக்கும், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்துரும். ஒரு எடத்துல நிக்காததால அதுல ஒண்ணும் கட்ட முடியல.

போட்டுக்குள்ள பேச்சிக்கு ஒரே ஒரு சட்டம்தான். அங்க எதையும் அதுன்னு சொல்லக்கூடாது. எஞ்சின் அவ. பலகை அவ. பலகையில காலியா இருக்குற எடமும் அவ. வடகம் கூட அவதான். வெள்ளைத்துரைக்கு மொதல்ல நாக்கு புரளல. விசில் ஊதிக்கிட்டே பழகிக்கிட்டாரு.

ஒரு நாள் காலையில தாலுகா ஆபீஸ் நிறுத்தத்துல சந்தனகுமார் நின்னான். அதே கயிறு கையில இருந்துச்சு. வேட்டிய மடிச்சுக் கட்டியிருந்தான். கரை இல்லாத மனுசன் வேற எங்க நிக்கிறது. பேச்சி எஞ்சினக் கொறைச்சா. அவன் கயித்தக் குடுத்தான், அவ வாங்கிக் காலுக்கடியில போட்டுக்கிட்டா.

"உள்ள எடம் இருக்கா?"ன்னு சந்தனகுமார் கேட்டான்.

வெள்ளைத்துரை குனிஞ்சு உள்ள பாத்தாரு.

"இருக்கா."

மூணாவது பலகையில ஊதாச் சேல கட்டி, மடியில தூக்குவாளியோட உக்காந்திருந்த எடம், சத்தம் கேட்டுத் திரும்பினா. சந்தனகுமார மேலயும் கீழயும் ஒரு பார்வ பாத்தா. தூக்குவாளிய நகத்தல.

"அண்ணாச்சி,"ன்னு வெள்ளைத்துரையக் கூப்பிட்டா. "இது இதுக்கு முன்ன எங்கயும் ஓடிருக்கா?"